பகிடிதான் என்று சொல்லும் பிள்ளையிடம் எப்படிக் கதைப்பது

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் ரியூசன் எடுக்கிறேன். தரம் 8 பிள்ளை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் வாயைத் திறந்தபடி அவள் ஓடிவந்த படத்தை யாரோ வெட்டி வட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். குறூப்பில் யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அவளுடைய முகம் வந்து விழுந்தது.

"உன்னை ஆராவது இணையத்தில துன்புறுத்துறாங்களா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், பகிடிதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் துன்புறுத்துகிறவன் என்றால் முகம் தெரியாத ஆள். பக்கத்து வாங்கில் இருக்கிற சிநேகிதி செய்வது பகிடி. அதற்கு அழுதால் பகிடி விளங்காதவள் என்ற பேரும் சேர்ந்துவிடும்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். எதிரே இருத்தி விசாரிக்க வேண்டாம். கீரை ஆயும்போது, "குறூப்பில இப்ப ஆரை வைச்சுச் சிரிக்கிறாங்க? ஆரையாவது எடுத்துட்டாங்களா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் கதையிலிருந்து தன் கதைக்கு அவர்களே வருவார்கள். குறூப்பிலிருந்து எடுத்துவிடுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஏச்சைவிட அது கூடச் சுடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: போனைப் பறிக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வேலை செய்கிறார், பிள்ளை பெத்தாவுடன் (பாட்டியுடன்) இருக்கிறாள். இரவு வருகிற வீடியோ கோல்தான் அவளுக்கு அம்மா. உண்மையைச் சொன்னால் போன் போகும், போனோடு அம்மாவும் போய்விடுவார் என்றுதான் மூன்று நாளும் வாய் திறக்கவில்லை. "என்ன சொன்னாலும் போனை எடுக்க மாட்டன்" என்று முதலே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

அப்புறம் ஆதாரம். பிள்ளை கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும், அதற்கு முன் அனுப்பியவரின் நம்பர், நாள், நேரம் தெரிய ஸ்கிரீன் ஷொட் எடுங்கள். அதன் பிறகே ரிப்போர்ட், புளொக். ரிப்போர்ட் பண்ணினால் கடைசி ஐந்து செய்திகள் வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும், அனுப்பியவருக்குத் தெரியவராது. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் குறூப்ஸ் என்று இருக்கும். அதை 'மை கொன்டக்ட்ஸ்' என்று மாற்றினால் தெரியாத ஆட்கள் பிள்ளையைக் குறூப்பில் சேர்க்க முடியாது.

ஆடையில்லாத படம், மிரட்டல் என்றால் கதை வேறு. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், உறவினருக்குக்கூட. போனை அப்படியே வைத்துக்கொண்டு 1929க்கு அழையுங்கள். இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, காசு போகாது. பொலிசில் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் போகலாம்.

ஸ்டிக்கர் செய்த பொடியனின் வீட்டுக்கு நானே போனேன். சண்டைக்குப் போகவில்லை. சேமித்து வைத்த ஸ்டிக்கர் குறூப்பில் அழித்தாலும் அவரவர் போனில் கிடக்கும். அதை ஒவ்வொருவரும் அழிக்க வேண்டும் என்று அவனுடைய தாயிடம் காட்டினேன். அவன் தலையைக் குனிந்தபடி, "அவளும் சிரிச்சவள்தானே டீச்சர்" என்றான். அவள் அனுப்பிய சிரிப்பு ஸ்மைலியைத்தான் சொன்னான். அதை அனுப்பும்போது அவள் பெத்தாவின் சேலைத் தலைப்புக்குள் அழுதுகொண்டிருந்தாள் என்று அவனிடம் சொன்னேன்.