கொரோனா தொற்றுக் காலத்தில் பக்கவாத நோயாளி வந்தால்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ 108 கிளம்பும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: கடைசியாக எப்போது நல்லாயிருந்தார், காய்ச்சல் இருமல் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. வீட்டார் எழுந்த நேரத்தைத்தான் சொல்வார்கள். வார்டுக்குள் துணையாள் வர முடியாது. அவர் போன் நம்பரை வாசலிலேயே வாங்குங்கள்.

ஆர்டிபிசிஆர் (கொரோனா பரிசோதனை) முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். தொற்று இருப்பதாகவே வைத்து நோயாளிக்கு மாஸ்க். உள்ளே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் மட்டும், என்95, கவுன், கண்ணாடியோடு. நோயாளி வந்தபிறகு கவச உடையைத் தேடினால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தாமதமாகும். மாஸ்க்குக்குள் வாய்க்கோணல் தெரியாது; ஒரு நொடி இறக்கி, பல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

தலை சிடியோடு, சந்தேகமிருந்தால் நெஞ்சையும் எடுத்துவிடலாம். மெஷினை இரண்டு தடவை துடைக்கும் வேலை மிச்சம்.

ரத்தக்கசிவு இல்லை, கடைசியாக நல்லாயிருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம் தாண்டவில்லை, பிரஷர் 185/110-க்குக் கீழே, சர்க்கரை பார்த்தாயிற்று, வேறு தடையும் இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் அந்த ஊசி, ஆல்டிப்ளேஸ், கிலோவுக்கு 0.9 மி.கி.; மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 54 மி.கி.: 5.4 ஒரே நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரம் பம்பில். எடையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.