தங்கத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு: முதல்முறை செய்பவர்களுக்கு

தயோல் என்பது ஒரு முனையில் கந்தகமும் மறுபக்கம் கார்பன் வாலும் உள்ள மூலக்கூறு. அதன் கரைசலில் தங்கத் தகட்டை ஊறப்போட்டால் கந்தக முனை தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். கார்பன் வால்கள் நெருக்கியடித்து, சுமார் 30 பாகை சாய்ந்து, வரிசையாக நிற்கும். பிளஸ் டூவில் படித்த பரப்புக் கவர்தல்தான். 1983-ல் பெல் ஆய்வகத்தின் நஸ்ஸோவும் அல்லாராவும், தயோலுக்கு நெருங்கிய உறவான டைசல்பைடுகளை வைத்து, தங்கத்தில் இதைச் செய்து காட்டினார்கள்.

படி 1: தகடு. கண்ணாடியில் 5 நானோமீட்டர் குரோமியம், அதன்மேல் 100 நானோமீட்டர் தங்கம் படியவைத்தது வேண்டும். குரோமியம் இல்லையென்றால் கழுவும்போதே தங்கம் உரிந்து வந்துவிடும்.

படி 2: சுத்தம். பாதி வேலை இதுதான். காற்றில் சும்மா கிடந்தாலே தங்கத்தில் கரிம அழுக்கு ஏறிவிடும். புறஊதா-ஓசோன் கருவியில் 15 நிமிடம் வையுங்கள். ஓசோன் பட்டதில் மேலே மெல்லிய தங்க ஆக்சைடு உண்டாகும். அந்த ஆக்சைடை நீக்க, எத்தனாலில் அரைமணி நேரம் போட்டுவையுங்கள். பிரானா கரைசலை யாராவது சிபாரிசு செய்வார்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது, கரிமப்பொருள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தாலும் வெடிக்கலாம். புதியவர்கள் அதன் பக்கமே போகவேண்டாம்.

படி 3: கரைசல். 20 மில்லி எத்தனாலில் 5.7 மில்லிகிராம் ஆக்டாடெக்கேன்தயோல் (18 கார்பன் வால் உள்ள தயோல்); 1 மில்லிமோலார் வரும். கண்ணாடிக் குப்பிதான். பிளாஸ்டிக்கிலிருந்து கசிவதும் தங்கத்தில் போய் ஒட்டும். கையுறை போட்டு, ஃபியூம் ஹூடுக்குள்ளேயே (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) கலக்குங்கள். சமையல் கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடைக்காரரும் இந்தக் குடும்பம்தான். நீள வால் என்பதால் நம் ஆக்டாடெக்கேன்தயோல் கொஞ்சம் சாது.

படி 4: ஊறவைத்தல். எத்தனாலிலிருந்து எடுத்த கையோடு, தங்க முகம் மேலே இருக்கும்படி தயோல் கரைசலில் இறக்கி, மூடி, 18 முதல் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சில நிமிடங்களிலேயே பரப்பு பெரும்பாலும் நிரம்பிவிடும், ஆனால் வால்கள் தாறுமாறாகக் கிடக்கும். அவை நிமிர்ந்து வரிசைக்கு வரத்தான் மீதி நேரமெல்லாம். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

படி 5: கழுவுதல். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, புது எத்தனாலில் நன்றாக அலசி, நைட்ரஜன் ஊதிக் காயவையுங்கள். துடைக்காதீர்கள்.

வந்திருப்பது ஏறக்குறைய 2 நானோமீட்டர் படலம், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பக்கவாட்டில் படமெடுங்கள். சொட்டு பரவாமல் உருண்டு, தொடுகோணம் (சொட்டின் விளிம்பு தகட்டோடு சேரும் கோணம்) 110 பாகை பக்கம் இருந்தால் சரி. 100-க்குக் கீழே என்றால் படி 2-ஐச் சந்தேகப்படுங்கள்.

சோதித்த இடத்தை மறுபடி எத்தனாலில் அலசிவிட்டு, வெளிச்சம் படாமல் நைட்ரஜன் நிரப்பிய குப்பியில் வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஓசோன் கந்தகத்தை ஆக்சிஜனேற்றி, சில நாட்களில் அடுக்கைக் கெடுத்துவிடும்.