தரம் 1 பிள்ளைகளுக்கு மணல் தட்டில் எழுத்துப் பயிற்சி

தரம் 1இல் சேர்ந்த பிள்ளையிடம் முதல் நாளிலேயே பென்சிலைக் கொடுத்துக் கோட்டுக்குள் எழுதச் சொன்னால், விரல்கள் இன்னும் உறுதிப்படாத நிலையில் அது பென்சிலை இறுக்கிப் பிடித்துக் கொப்பியைக் கிழித்துவிடுவதோடு, எழுதுவதையே வெறுக்கவும் தொடங்கிவிடும். நிலாவெளி, உப்புவெளி எனக் கடற்கரை அருகிலேயே அமைந்துள்ள திருகோணமலை ஆசிரியர்களுக்கு மணல் தட்டு செலவில்லாத நல்ல வழியாகும்.

மணலை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, வெயிலில் நன்றாக உலர்த்தி, சிப்பித் துண்டுகள் நீங்கச் சலித்த பின், பிஸ்கட் பெட்டியின் மூடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். விரலால் கீறும்போது அடித்தகடு தெரிய வேண்டும். ஆழமாகப் பரப்பினால் கோட்டின் ஓரம் சரிந்து எழுத்து மங்கிவிடும்.

சுழிகள் நிறைந்த ‘அ’வில் தொடங்குவது சிறு விரல்களுக்குக் கடினம் என்பதே என் உறுதியான கருத்து. ‘ட’வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, பின்னர் வலப்புறமாக ஒரு கோடு. அதன் முனையை மேலே உயர்த்தினால் ‘ப’; அங்கிருந்து உட்பக்கமாக வளைத்து இறக்கினால் ‘ம’. இம்மூன்றும் கைவந்ததும் புள்ளியை மட்டும் சேர்த்து ‘படம்’, ‘பட்டம்’ என்று எழுதலாம். பட்டம் என்றாலே நம்மூர்ப் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும்.

கச்சான் காற்று வீசும் நாட்களில் கண்ணில் மணல் விழாதிருக்கச் சிறிது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் கைகளைக் கழுவச் செய்யுங்கள்.