லைட் லாகரிலிருந்து கிராஃப்ட் பீருக்கு: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்

அமெரிக்காவுக்கு வந்து பீர் குடிக்கப் பழகும் நம்மவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது பட் லைட், கூர்ஸ் லைட், மில்லர் லைட் மூன்றில் ஒன்றில்தான். ஆபீஸ் பார்ட்டி, பார்பிக்யூ, சூப்பர் பௌல் என்று எங்கே போனாலும் ஐஸ் பெட்டியில் கிடப்பவை அவைதான். அப்புறம் ஒருநாள் யாராவது சிறிய ஆலை ஒன்றில் காய்ச்சிய ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான வகை) ஒன்றைக் கையில் கொடுத்து, "கிராஃப்ட் பீர்னா இதுதான், குடிச்சுப் பாரு" என்பார்கள். முதல் மடக்கிலேயே கசப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் என் நண்பர்களிலேயே பலர் இருக்கிறார்கள்.

பீரின் சுவையை முடிவு செய்பவை முக்கியமாக மூன்று: மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட் (சர்க்கரையை மதுவாக்கும் நுண்ணுயிர்). மேலே சொன்ன மூன்றும் லைட் லாகர், அதாவது குளிரில் நொதிக்க வைக்கும் லாகர் வகையின் மெலிதான வடிவம். லைட் லாகரிலிருந்து நேராக ஐபிஏவுக்குப் போனால் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, மதுச்சத்தும் ஏறுகிறது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நாக்கால் பிரித்தறிய முடியாது. நானும் கூர்ஸ் லைட்டிலிருந்து வந்தவன்தான். எனக்குப் பலன் தந்தது, அப்புறம் நான் அழைத்துவந்த நண்பர்களுக்கும் பலன் தந்தது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றும் இந்த வழி.

நான் இருப்பது கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில். அதனால் பெயர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமே சாயும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் வகையின் பெயரைச் சொல்லி உள்ளூர் ப்ரூவரியில் (பீர் காய்ச்சும் ஆலையில்) கேளுங்கள்.

படி 1: இப்போது குடிப்பதை ஒருமுறை கவனித்துக் குடியுங்கள்

கேனிலிருந்து நேராகக் குடிக்காமல் ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். பத்து நிமிடம் விட்டுக் குடியுங்கள். மேலே சொன்ன மூன்று லைட் பீர்களிலும் மதுச்சத்து 4.2 சதவீதம். பட் லைட்டில் பார்லியோடு அரிசி சேர்கிறது, மற்ற இரண்டிலும் கார்ன் சிரப். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடும். அதனால்தான் பீர் தண்ணீர் போல மெலிதாக இறங்குகிறது. ஹாப்ஸ் இருக்கிறது, ஆனால் தெரியாத அளவுக்கு. இந்தச் சுவையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

படி 2: லாகரிலேயே இருங்கள், மால்ட்டை மட்டும் கூட்டுங்கள்

அரிசியும் சோளமும் இல்லாமல் முழுக்க பார்லி மால்ட்டில் செய்த பில்ஸ்னர் (வெளிர்நிற லாகர் வகை) ஒன்றை எடுங்கள். எனக்குப் பிடித்தது ட்ரூமர் பில்ஸ். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில் 1601-லிருந்து பீர் காய்ச்சுகிறவர்கள், இங்கே பெர்க்லியிலும் ஒரு ப்ரூவரி வைத்திருக்கிறார்கள். ஃபயர்ஸ்டோன் வாக்கரின் பீவோ பில்ஸும் நல்ல தேர்வு. அதில் ஹாப்ஸ் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நிறம், மென்மை, நுரை எல்லாம் பழகியதாகவே இருக்கும். ஆனால் ரொட்டி வாசனை ஒன்று புதிதாகத் தெரியும், விழுங்கியபின் ஒரு சுத்தமான கசப்பு சற்று நேரம் நிற்கும்.

அது பிடித்துவிட்டால் அடுத்து சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர். இதுவும் லாகர்தான், மதுச்சத்து 5 சதவீதம். வறுத்த மால்ட்டால் நிறம் செம்பழுப்பாகிறது, கேரமல் இனிப்பு வருகிறது. ஜிம் குக் 1984-ல் தொடங்கிய நிறுவனம் இன்று மிகப் பெரிதாகிவிட்டது என்பதால் சிலர் இதைக் கிராஃப்ட் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பழகுகிறவருக்கு அந்த விவாதம் தேவையில்லை. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது, தரம் மாறுவதில்லை. இந்தப் படிக்கு அது போதும்.

2023-க்கு முன் இதை எழுதியிருந்தால் இந்த இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஸ்டீம் பீரைத்தான் சொல்லியிருப்பேன். லாகர் ஈஸ்ட்டைக் குளிரில் வைக்காமல் சாதாரண வெப்பத்தில் நொதிக்க வைத்த பீர் அது. மூடும் நிலையில் இருந்த அந்த ப்ரூவரியை 1965-ல் ஃப்ரிட்ஸ் மேடாக் வாங்கிக் காப்பாற்றினார். அமெரிக்கக் கிராஃப்ட் பீரின் கதையைப் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 2023-ல் அது மூடப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

படி 3: இப்போது ஈஸ்ட்டை மாற்றுங்கள்

இந்தப் படியில் கசப்பு அதிகமாகாது. அதனால் பயமே வேண்டாம். மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து வரும் அலகாஷ் ஒயிட் வாங்குங்கள். 1995-லிருந்து வரும் பெல்ஜிய பாணிக் கோதுமை பீர். அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். தனியா வாசனையோடு வளர்ந்த நமக்கு இதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் வறுவலோடு குடித்துப் பாருங்கள்.

அடுத்து ஒரு ஹெஃபெவைஸன், அதாவது ஈஸ்ட்டை வடிகட்டாத ஜெர்மன் கோதுமை பீர். ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபான் பழைய ப்ரூவரி, அதைக் கிராஃப்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல பாட்டிலை நான் பார்க்கவில்லை. வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் தெளிவாக வரும். வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, இரண்டும் ஈஸ்ட் உண்டாக்கியவை. பீர் என்பது இவ்வளவு தூரம் போகக்கூடியது என்று எனக்குப் புரிந்தது இதைக் குடித்தபோதுதான். முக்கால் பாட்டில் ஊற்றியபின் மிச்சத்தைச் சுழற்றி, அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுங்கள். வாசகர் ஒருவர் அந்தக் கலங்கலைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று கீழே கொட்டிவிட்டதாக எழுதியிருந்தார். இந்த வகையில் கலங்கல் இருக்கத்தான் வேண்டும்.

படி 4: கறுப்பு

கறுப்பு பீர் கனமானது, போதை அதிகம் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஸ்டவுட் என்ற கறுப்பு வகையைச் சேர்ந்த கின்னஸ் டிராஃப்டின் மதுச்சத்து 4.2 சதவீதம், அதாவது உங்கள் பட் லைட் அளவேதான். கறுப்பு நிறம் வருவது பார்லியைக் காபிக்கொட்டை போலக் கருக வறுப்பதால். டிகாக்‌ஷன் கசப்பை விரும்பிக் குடிக்கும் வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கசப்பு ஹாப்ஸ் கசப்பைவிட மிகச் சுலபமாகப் பிடிக்கும். அதனால்தான் இதை ஐபிஏவுக்கு முன்னால் வைக்கிறேன். கின்னஸ் பிடித்தால் ஓரிகானின் பெண்ட் நகரத்து டெஷூட்ஸ் ப்ரூவரி செய்யும் பிளாக் ப்யூட் போர்ட்டருக்குப் போங்கள், போர்ட்டரும் ஸ்டவுட் போன்ற கறுப்பு வகைதான். சாக்லேட் வாசனை வரும், ஆனால் இனிப்பு இருக்காது.

படி 5: தேதியைப் படியுங்கள்

ஹாப்ஸ் தூக்கலான பீருக்குள் போவதற்கு முன் இங்கே நின்றாக வேண்டும். இதைச் சொல்லாமல் "சியரா நெவாடா வாங்குங்கள், ஐபிஏ வாங்குங்கள்" என்று மட்டும் சொல்வது யாருக்கும் உதவாது.

தொடக்கத்தில் கடை ஒன்றில் வாங்கிய ஐபிஏவில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. ஐபிஏ என்றாலே இப்படித்தான் போல என்று ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிற்பாடு அதே பீரை அந்த ப்ரூவரியின் டேப்ரூமிலேயே (ஆலையோடு சேர்ந்த பாரிலேயே) குடித்தபோது ஆரஞ்சுத் தோல், பைன் மரம், கிரேப்ஃப்ரூட் என்று வாசனை மேலேறி வந்தது. வீட்டில் மிச்சமிருந்த கேனின் அடியைத் திருப்பிப் பார்த்தால், அடைத்து அரை வருடத்துக்கும் மேலாகியிருந்தது. கடையில் அது வெயில் படும் அலமாரியில் இருந்தது.

ஹாப்ஸின் வாசனை எண்ணெய்கள் நாள்பட மங்கிவிடும். சூடு பட்டால் இன்னும் வேகமாக. மால்ட் பக்கத்திலிருந்து அந்த அட்டை வாசனை வரும். வெளிச்சம் இன்னொரு எதிரி. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது வெளிச்சம் பட்டால் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் ஒரு சிறு விலங்கு) வாசனை உண்டாகும். இந்த ஊர் நெடுஞ்சாலைகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது என்ன வாசனை என்று சொல்ல வேண்டியதில்லை. பழுப்புப் பாட்டில் பெருமளவு காக்கும். பச்சைப் பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் காக்காது. கேனுக்குள் வெளிச்சமே புகாது. அதனால் கேன் கிடைத்தால் எப்போதும் கேன்தான் வாங்குகிறேன். மேலே சொன்ன ட்ரூமர் பச்சைப் பாட்டிலிலும் வரும். அட்டைப் பெட்டிக்குள் மூடியிருக்கும் பேக்காகப் பார்த்து எடுங்கள்.

எங்கே பார்ப்பது? கேனில் அடிப்பக்கம், பாட்டிலில் கழுத்து அல்லது லேபிளின் ஓரம். எனக்கு வேண்டியது அடைத்த தேதி. எந்தத் தேதிக்குள் குடிப்பது நல்லது என்று மட்டும் போட்டிருந்தால், ப்ரூவரி எத்தனை மாதம் கணக்கிட்டது என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சில ப்ரூவரிகள் மாதம், நாள் போடாமல் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கத்தில் அடிப்பார்கள். 045 என்றால் பிப்ரவரி 14, 121 என்றால் மே 1. லீப் வருடமென்றால் மார்ச்சிலிருந்து ஒரு நாள் தள்ளும். தேதி எங்குமே இல்லாத ஐபிஏவை நான் வாங்குவதில்லை.

என் கணக்கு இது. ஐபிஏவும் அதன் மென்மையான உறவான பேல் ஏலும் இரண்டு மாதத்துக்குள், மிஞ்சினால் மூன்று. பில்ஸ்னர் நான்கு மாதம். போர்ட்டர், ஸ்டவுட் ஆறு மாதம் தாங்கும். ஒரே தேதியில் இரண்டு இருந்தால் குளிர்பெட்டியில் இருப்பதை எடுங்கள்.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் ப்ரூவரிகளும் உண்டு. ஸ்டோன் ப்ரூவிங்கின் என்ஜாய் பை ஐபிஏவுக்கு, குடித்து முடிக்க வேண்டிய தேதிதான் பெயரே. ரஷ்யன் ரிவரின் ப்ளைனி தி எல்டர் லேபிளிலும் குளிரில் வை, புதிதாகக் குடி என்று அச்சடித்திருப்பார்கள்.

படி 6: ஹாப்ஸ்

முதலில் சியரா நெவாடா பேல் ஏல். சிக்கோ நகரில் 1980-ல் முதன்முதலாகக் காய்ச்சப்பட்டது. 5.6 சதவீதம், கேஸ்கேட் ஹாப்ஸ். இன்று அமெரிக்க பேல் ஏல் என்று நாம் அறியும் சுவைக்கு அளவுகோல் இதுதான். தேதி பார்த்து வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்துக் குடியுங்கள். பில்ஸ்னரில் பார்த்த கசப்பே இன்னும் விரிந்து, பழவாசனையோடு வரும்.

அடுத்தது ஹேஸி ஐபிஏ. கலங்கலாக, மாம்பழச் சாறு நிறத்தில் இருக்கும். வெர்மான்ட் மாநிலத்து ஆல்கெமிஸ்ட் ப்ரூவரியின் ஹெடி டாப்பர் மூலம் பரவிய பாணி. வாசனை அதிகம், கசப்பு குறைவு. கசப்புக்கு அஞ்சுகிறவர்கள் முதலில் இதையும் பிறகு தெளிவான, கசப்பு கூடிய மேற்குக் கரை ஐபிஏவையும் குடிக்கலாம்.

மதுச்சத்தைக் கட்டாயம் பாருங்கள். ப்ளைனி 8 சதவீதம். 8 சதவீத பீரின் 16 அவுன்ஸ் கேன் ஒன்று, 12 அவுன்ஸ் பட் லைட் இரண்டரைக்குச் சமம். "ரெண்டு பீர்தானே" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. கார் எடுத்துப் போகாதீர்கள்.

கிளாஸ், டேப்ரூம், மற்றவை

கிளாஸை ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். உறைகுளிர் வாசனையை முழுக்க அடக்கிவிடும். பேல் ஏலுக்கு 7 முதல் 10 டிகிரி செல்சியஸ், ஸ்டவுட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட. தனிக் கிளாஸ் எதுவும் வாங்க வேண்டாம், வீட்டிலிருக்கும் வைன் கிளாஸ் போதும். பார்களில் தரும் நேர்ச்சுவர் பைண்ட் கிளாஸைவிட வாசனை அதில் நன்றாகத் தங்கும்.

ஆறு பேக் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். டோட்டல் வைன் போன்ற பெரிய கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆறு சேர்க்கலாம். அதைவிட நல்லது டேப்ரூமில் ஃப்ளைட் வாங்குவது. நான்கைந்து அவுன்ஸ் கிளாஸ்கள் நான்கு வரும். கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள். அன்டாப்டு செயலியில் பலர் மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, மற்றவர்களின் மதிப்பெண் நம் நாக்கை முந்திக்கொள்கிறது. போன் குறிப்பேட்டில் பெயர், தேதி, ஒரு வரி. அவ்வளவுதான்.

மிளகாய் பஜ்ஜி, சிக்கன் 65 மாதிரி காரத்தோடு வலுவான ஐபிஏ வேண்டாம், எரிச்சல் கூடும். பில்ஸ்னரோ கோதுமை பீரோ எடுங்கள்.

பின்சேர்க்கை

பீரில் அசைவப் பொருள் எதுவும் சேருமா என்று சைவ உணவுக்காரர்கள் கேட்டிருந்தீர்கள். சில பிரிட்டிஷ் பாணி பீர்களைத் தெளிவாக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் பயன்படும். கின்னஸ் அதைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கலங்கலாக விற்கப்படும் ஹேஸியிலும் ஹெஃபெவைஸனிலும் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் இருந்தால் ப்ரூவரிக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் தருவார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு: மில்க் ஸ்டவுட், மில்க்‌ஷேக் ஐபிஏ என்ற பெயர்களில் வருபவற்றில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்க்கிறார்கள். கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட்டும் அப்படித்தான். ஈஸ்ட்டால் லாக்டோஸைத் தின்ன முடியாது, அதனால் அது பீரில் அப்படியே தங்கும். லேபிளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.