எக்செல் தரவு மாதிரியைப் பவர் பிஐக்கு மாற்றும்போது

எக்செலின் பவர் பிவட் கருவியில் ஏற்கெனவே அட்டவணைகளை இணைத்துக் கணக்கீடுகளை எழுதி ஒரு தரவு மாதிரியை அமைத்து வைத்திருப்பவர்கள், அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பில் அவற்றை முதலிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. 'ஃபைல்' மெனுவில் 'இம்போர்ட்' என்பதன் கீழ் 'பவர் குவெரி, பவர் பிவட், பவர் வியூ' என்ற தெரிவைச் சொடுக்கி எக்செல் கோப்பைக் காட்டினால், தரவை எடுத்துச் சீராக்கும் குவெரிகளும் அட்டவணைகளுக்கிடையிலான உறவுகளும், டாக்ஸ் (DAX) என்ற வாய்ப்பாட்டு மொழியில் எழுதிய மெஷர்களும் (மொத்தம், சராசரி போன்ற கணக்கீடுகள்) கணக்கிட்ட நெடுவரிசைகளும் புதிய கோப்புக்கு வந்துவிடும். மூலக் கோப்பில் எந்த மாற்றமும் நேராது. பலரும் பழக்கத்தால் தேர்ந்தெடுக்கும் 'கெட் டேட்டா' வழியோ தாள்களையும் அட்டவணைகளையும் மட்டுமே கொண்டுவரும், மாதிரியைக் கொண்டுவராது.

தாளிலுள்ள அட்டவணை மாதிரியோடு இணைக்கப்பட்டிருந்தால், தரவை நகலெடுப்பதா, மூலக் கோப்புடன் இணைப்பை வைத்துக்கொள்வதா என்று மென்பொருள் கேட்கும். இங்கே அவசரப்படக் கூடாது. நகலெடுத்த தரவு அன்றைய நிலையிலேயே நின்றுவிடும் என்பதாலும், அதற்கு அளவு வரம்பும் உண்டு என்பதாலும், மாதந்தோறும் புதிய வரிசைகள் சேரும் விற்பனைப் பதிவேடு போன்றவற்றுக்கு இணைப்பே ஏற்றது. மாறாத மாவட்டப் பட்டியலுக்கு நகல் போதும்.

பிவட் டேபிள்களும் விளக்கப்படங்களும் (சார்ட்) வாரா. அவற்றைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும், உண்மையில் அதுவே நல்லது. இறக்குமதி முடிந்ததும் ஹையரார்க்கிகள் (ஆண்டு, மாதம், நாள் போன்ற படிநிலைகள்) விடுபட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முக்கியமான ஒரு மெஷரின் மொத்தத்தை இரு கோப்புகளிலும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும்.