பழைய நோட்.ஜேஎஸ் புரோகிராமை நோட் 22-க்கு ஏற்றுவது எப்படி: ஒரு சிவகாசி அச்சகக் கணினியின் கதை

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதன் பிறகு மார்கழி வரை எந்த அச்சகத்திலும் போய் "ஒரு மணி நேரம் புரோகிராமை நிறுத்திக்கொள்ளட்டுமா" என்று கேட்க முடியாது. அதனால், நான் எழுதிப் பராமரிக்கும் ஆர்டர் கணக்கு புரோகிராமை நோட் 18-லிருந்து 22-க்கு மாற்றும் வேலையை 2025 வைகாசியிலேயே வைத்துக்கொண்டேன். நோட் (நோட்.ஜேஎஸ்) என்பது ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள். 18-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஏப்ரல் 30-ஓடு நின்றுபோயின. 22-க்கு 2027 ஏப்ரல் வரை கிடைக்கும். 24 அப்போதுதான் வெளிவந்திருந்தது. அக்டோபரில்தான் அது எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தங்கள் கிடைக்கும் வெர்ஷன்) ஆனது. நாள் முழுக்க ஆட்கள் நம்பி உட்கார்ந்திருக்கும் கணினியில் எல்டிஎஸ் அல்லாத எதையும் ஏற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதல் வேலை வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பது. அதைக் கீழேயிருந்து படியுங்கள். மேலே இருப்பது புது ஃபீச்சர்களின் பட்டியல், ஆசை காட்டும். கீழே நீளமாக ஒரு கமிட் பட்டியல் இருக்கும், அதாவது பக் திருத்தங்கள் உட்பட செய்த ஒவ்வொரு மாற்றமும். ஒவ்வொரு வரியிலும் எஃப்எஸ் (ஃபைல் வேலை), ஹெச்டிடிபி (இணைய வேலை), சைல்ட் பிராசஸ் (வேறு நிரலை ஓட்டுவது) என்று அந்தந்தப் பகுதியின் பெயர் இருக்கும். படிக்கும் முன் உங்கள் கோடில் எந்தெந்த உள் மாட்யூல்களை இம்போர்ட் செய்திருக்கிறீர்கள் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் ஐந்துதான் இருந்தன. அந்த ஐந்தின் வரிகளை மட்டும் 19, 20, 21, 22 நான்கிலும் படித்தேன். நடுவில் உள்ளவற்றைத் தாண்டிவிடக் கூடாது. பழைய புரோகிராமை உடைக்கும் மாற்றங்கள் ஒவ்வொரு பெரிய வெர்ஷனிலும் சேர்ந்துகொண்டே வருகின்றன; 22-ல் அத்தனையும் இருக்கும்.

பக் திருத்தங்களை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்சல் லேபிள் அடிக்க அச்சகத்தில் ஒரு .பேட் ஃபைல் (விண்டோஸ் கட்டளைகளின் தொகுப்பு) உண்டு. புரோகிராம் அதை ஸ்பான் (இன்னொரு நிரலைத் தொடங்கும் நோட் கட்டளை) மூலம் ஓட்டும். 22-ல் அது "ஈஇன்வேல்" என்ற எரரோடு நின்றது. 2024 ஏப்ரல் 10 அன்று வந்த சிவிஇ-2024-27980 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம்தான் காரணம். விண்டோஸில் .பேட், .சிஎம்டி ஃபைல்களை உண்மையில் இயக்குவது சிஎம்டி என்ற ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். நாம் ஷெல் வேண்டாம் என்று சொன்னாலும், ஆர்குமென்டுக்குள் ஒளித்து வைத்த இன்னொரு கட்டளையை அது ஓட்டிவிடும். அந்த ஓட்டையை அடைக்க, ஷெல் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வெளிப்படையாகக் கொடுத்தால் ஒழிய இந்த ஃபைல்களை ஓட்ட மாட்டேன் என்று நோட் மறுக்கிறது. திருத்தம் 18.20.2-லேயே வந்துவிட்டது. கடைக் கணினியில் இருந்தது 18.16.

இந்த எரரைப் பார்த்ததும் பலர் ஷெல் ட்ரூ போட்டு முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். எரர் போகும், ஓட்டை திரும்ப வரும். எங்கள் வாடிக்கையாளர் கடைப் பெயர்களில் & குறி சர்வ சாதாரணம். சிஎம்டிக்கு & என்றால் "இதோடு ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது வருகிறது" என்று அர்த்தம். யாரும் கெடுதல் நினைக்காமலே லேபிள் பாதியில் அறுந்துபோகும். நான் ஆர்டர் எண்ணை மட்டும், அதுவும் இலக்கங்கள்தானா என்று சோதித்த பிறகு, ஆர்குமென்டாக அனுப்புகிறேன். பெயர், முகவரி எல்லாம் ஒரு ஃபைலில் எழுதப்படும். லேபிள் அடிக்கும் மென்பொருள் அதிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து சி++-ல் எழுதி கம்பைல் ஆகும் பேக்கேஜ்கள் (மற்றவர்கள் எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்புகள்). நோடின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் நோட் மாட்யூல் வெர்ஷன் என்று ஓர் எண் உண்டு: 20-க்கு 115, 22-க்கு 127, 24-க்கு 137. பேக்கேஜ்கள் இருக்கும் பழைய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே வைத்துக்கொண்டு நோடை மட்டும் மாற்றினால், வேறு வெர்ஷனுக்குக் கம்பைல் ஆனது என்று எரர் வரும். ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். இதைக் கடையில் போய்ச் செய்யாமல் வீட்டிலேயே செய்து பாருங்கள். புது வெர்ஷனுக்கான பைனரி (கம்பைல் ஆன ஃபைல்) இல்லாத பேக்கேஜ் ஒன்று இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வெளியான அன்றே எதையும் ஏற்றாதீர்கள். 2024 ஜூலை 17 அன்று வந்த 22.5.0-வில் எஃப்எஸ் பகுதியில் செய்த ஒரு வேக மாற்றத்தால், பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவிகளில் என்பிஎம் பாதியில் விழுந்தது, யார்ன் அசையாமல் நின்றது. இரண்டே நாளில் 22.5.1 வந்து சரியானது. பூஜ்யத்தில் முடியும் வெர்ஷன் என்றால் நான் குறைந்தது இரண்டு வாரம் பொறுக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு.

சரி, இப்போது ஃபீச்சர்கள். எனக்கு அவற்றால் கிடைத்த பெரிய நன்மை, பேக்கேஜ்களைக் கழற்ற முடிந்ததுதான். பேக்கேஜ் ஒன்று குறைந்தால் அடுத்த முறை படிக்க வேண்டிய குறிப்பும் ஒன்று குறைகிறது.

நீண்ட நாள் உறுத்திக்கொண்டிருந்த விஷயம் ரெக்வயர், அதாவது ஒரு பேக்கேஜை உள்ளே எடுத்துக்கொள்ளும் பழைய கட்டளை. காமன்ஜேஎஸ் என்ற பழைய முறையில் எழுதிய கோடிலிருந்து, இஎஸ் மாட்யூல் என்ற புது முறையில் மட்டும் வரும் பேக்கேஜை முன்பு ரெக்வயர் செய்ய முடியாது. அதனால் சாக், நோட்-ஃபெட்ச் (இணையத்திலிருந்து தகவல் எடுப்பது) போன்ற பேக்கேஜ்களின் பழைய வெர்ஷன்களான சாக் 4-லும் நோட்-ஃபெட்ச் 2-லும் வருடக்கணக்காக நின்றவர்கள் ஏராளம். 2024 டிசம்பரில் வந்த 22.12 முதல் இது தனிக் கொடி (கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன்) எதுவும் இல்லாமல் வேலை செய்கிறது. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டிஃபால்ட்டாக ஏற்றுமதி ஆவது நேராகக் கைக்கு வராது. ரெக்வயர் செய்ததன் பின்னால் .டிஃபால்ட் என்று சேர்க்க வேண்டும். அந்த மாட்யூலின் மேல்மட்டத்தில் அவெய்ட் (ஒரு வேலை முடியும் வரை காத்திருக்கச் சொல்வது) இருந்தால் ரெக்வயர் மறுத்துவிடும். அங்கே டைனமிக் இம்போர்ட்தான் வழி. ஜேசன் ஃபைலை இம்போர்ட் செய்யும் வரியில் அசெர்ட் என்று எழுதியிருந்தால் 22-ல் அது இலக்கணப் பிழை. வித் என்று மாற்றுங்கள்.

நோட்-ஃபெட்ச்சை முழுதாகவே எடுத்துவிட்டேன், ஃபெட்ச் இப்போது உள்ளேயே இருக்கிறது. ஆனால் இம்போர்ட் வரியை அழித்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பழைய பேக்கேஜில் இருந்த டைம்அவுட் ஆப்ஷன் இதில் இல்லை, கொடுத்தால் எரரும் வராது. எதிர்முனை சர்வர் பேசாமல் இருந்தால் நாம் நினைத்ததைவிட மிக அதிக நேரம் காத்திருக்க நேரும். அபார்ட்சிக்னல்.டைம்அவுட் என்பதை சிக்னலாகக் கொடுங்கள். .பஃபர் மெத்தடுக்குப் பதில் .அரேபஃபர். பாடியை .பைப் செய்திருந்தால், ரீடபிள்.ஃப்ரம்வெப் மூலம் மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு போன்ற அமைப்புகளை ஒரு ஃபைலிலிருந்து எடுத்துத் தரும் டாட்என்வ் பேக்கேஜுக்குப் பதில் --என்வ்-ஃபைல் கொடி. ஃபைல் இல்லை என்றால் இது எரரோடு நிற்கும். அது நல்லதுதான், பாஸ்வேர்டு இல்லாமல் ஓடத் தொடங்குவதைவிட நிற்பது மேல். இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் பரவாயில்லை என்பவர்களுக்கு 22.9 முதல் --என்வ்-ஃபைல்-இஃப்-எக்சிஸ்ட்ஸ். சிஸ்டத்தில் ஏற்கெனவே அதே பெயரில் ஒரு மதிப்பு இருந்தால் அதுதான் ஜெயிக்கும். ஃபைல் மாறியதும் புரோகிராமை மறுபடி தொடங்கும் நோட்மானுக்குப் பதில் --வாட்ச். 22-ல் அது நிலையான ஃபீச்சர். என்பிஎம் ரன் இடத்தில் நோட் --ரன் போடலாம், வேகம் அதிகம். ஆனால் ப்ரீ, போஸ்ட் ஸ்கிரிப்ட்களை அது ஓட்டாது. என் பில்டில் ப்ரீ ஸ்கிரிப்ட் ஒன்று இருப்பதால் அதை மாற்றவில்லை.

டைப்ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். ஜாவாஸ்கிரிப்டோடு டைப்களையும் (மதிப்புகளின் வகைகளையும்) சேர்த்து எழுதும் மொழி அது. 2025 ஜூலை கடைசியில் வந்த 22.18 முதல் .டிஎஸ் ஃபைலை நோட் நேராகவே ஓட்டும். அது டைப்களைச் சரிபார்ப்பதில்லை. டைப் எழுதிய இடத்தை எல்லாம் வெற்றிடமாக மாற்றிவிட்டு மீதியை ஓட்டுகிறது, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தால் ஒரு வசதி: எரர் வரும் வரி எண் நீங்கள் எழுதிய ஃபைலில் உள்ள அதே வரி எண், சோர்ஸ்மேப் தேவையில்லை. அழித்தால் மட்டும் போதாத இலக்கணங்கள் ஓடாது: ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்), மதிப்புகள் உள்ள நேம்ஸ்பேஸ், கன்ஸ்ட்ரக்டர் அடைப்புக்குள்ளேயே பிரைவேட் என்று எழுதும் சுருக்கம். என் கோடில் ஆர்டர் நிலைக்கு ஒரு ஈனம் இருந்தது: டிசைன், பிளேட், அச்சு, பைண்டிங், டெலிவரி. அதைச் சாதாரண ஆப்ஜெக்டாக மாற்றி ஆஸ் கான்ஸ்ட் போட்டேன். டைப்ஸ்கிரிப்ட் 5.8-ல் வந்த எரேசபிள்சின்டேக்ஸ்ஒன்லி அமைப்பை ஆன் செய்துவிட்டால் இவற்றை எடிட்டரே சிவப்புக் கோட்டில் காட்டிவிடும். இம்போர்ட் பாதையில் .டிஎஸ் என்ற நீட்சியை எழுத வேண்டும். டைப்பை மட்டும் எடுக்கும் இடத்தில் இம்போர்ட் டைப் என்று எழுதாவிட்டால், ஓடும்போது "அப்படி ஒரு ஏற்றுமதி இல்லை" என்று எரர் வரும். டைப் சோதனைக்கு டிஎஸ்சி --நோஎமிட் கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். இந்த வெர்ஷன் காலண்டர் சீசன் தொடங்கும் நேரத்தில் வந்ததால், மாத இறுதிக் கணக்கு எடுக்கும் சிறு ஸ்கிரிப்ட்களை மட்டும் இப்படி மாற்றினேன். மெயின் புரோகிராம் இன்னும் பில்டு ஆகித்தான் ஓடுகிறது.

மாற்றும் நாளுக்கு வருவோம். கடை மூடியதும் தொடங்குங்கள். டேட்டாபேஸைப் பிரதி எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். 22-ஐப் பழையதன் மேல் இன்ஸ்டால் செய்யாமல் தனி ஃபோல்டரில் வைத்து, விண்டோஸ் சர்வீஸ் எந்த நோடை எடுக்கிறதோ அந்தப் பாதையை மட்டும் மாற்றுங்கள். திரும்பிப் போக வேண்டியிருந்தால் ஒரே வரி. பேக்கேஜ்.ஜேசனில் இன்ஜின்ஸ் என்ற இடத்தில் 22.12-க்குக் குறையாமல் என்று எழுதிவையுங்கள். பிறகு உண்மையான பழைய ஆர்டர் ஒன்றை எடுத்து பில், லேபிள், டெலிவரி சீட்டு மூன்றையும் பேப்பரில் அடித்துப் பாருங்கள்; பெயரில் & உள்ள ஆர்டராக இருந்தால் நல்லது. காலையில் கடை திறக்கும்போது நீங்களே அங்கே இருங்கள். 18 இருக்கும் ஃபோல்டரை ஒரு மாதக் கணக்கு முடியும் வரை அழிக்க வேண்டாம்.