லினக்ஸ் கணினியிலிருந்து மியூசிக் பிளேயருக்குப் பாடல்களை ஏற்றும் முறை

பிளேயரை யூஎஸ்பி கேபிளால் இணைக்கும் முன், அதன் அமைப்புகளில் எம்எஸ்சி (பிளேயரைச் சேமிப்பகமாகக் காட்டும் முறை), எம்டிபி (ஊடகக் கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறை) என இரு இணைப்பு முறைகள் இருந்தால் எம்எஸ்சி முறையையே தேர்ந்தெடுங்கள்; அப்போது லினக்ஸ் அதைச் சாதாரணப் பென் டிரைவாகக் காண்பதால், தனி மென்பொருள் ஏதுமின்றிப் பாடல் கோப்புறைகளை நேரடியாக நகலெடுக்கலாம். எம்டிபி மட்டுமே இருந்தால் லிப்எம்டிபி நிரலகம் தேவைப்படலாம்.

நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும் கேபிளை உடனே பிடுங்காதீர்கள். தரவின் ஒரு பகுதியை லினக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பின்னரே பிளேயரில் எழுதுகிறது என்பதால், கோப்பு மேலாளரில் வெளியேற்றும் பொத்தானை அழுத்தியோ, முனையத்தில் அன்மவுன்ட் (umount) கட்டளையை இட்டு அது முடியும்வரை காத்திருந்தோதான் கழற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டால் பாடல்கள் பாதியில் அறுபடும், கோப்பு முறைமையே பழுதாகவும் கூடும்.

ஃபிளாக், ஆக் வோர்பிஸ் வடிவப் பாடல் கோப்புகளை உங்கள் பிளேயர் வாசிக்காவிட்டால், ராக்பாக்ஸ் என்னும் திறமூல ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள்மென்பொருள்) அந்த மாடலை ஆதரிக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள். பழைய பிளேயருக்கு அதைவிட நல்ல மறுவாழ்வை நான் கண்டதில்லை.